ஒரு சென்ட் பள்ளிக்கூடம்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வானொலியில் சொல்வதைக் கேட்டுப் பயிர் செய்வது நமக்குப் புதிதல்ல. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியது. அந்த நெல்லை மக்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். ரேடியோவில் கேட்டு, விதை வாங்கி நட்டார்கள் என்பதால் வந்த பெயர் அது. இன்று ரேடியோவோடு கைப்பேசியும் இருக்கிறது. அதில் உழவும் பார்க்கலாம், ஒட்டுக்கட்டுவதும் பார்க்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காதால் கேட்பதும் கண்ணால் பார்ப்பதும் சேதி. கை செய்து பார்த்தால்தான் அது தொழில். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு பாடுபடும் சிறு விவசாயிகள் எந்தெந்தக் கைத்தொழிலை அவசியம் கற்றுக்கொள்ள வேண்டும், எப்படிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 எக்டர். ஏக்கரில் சொன்னால் ஒன்றே முக்காலுக்குச் சற்று மேலே. அதாவது நம்மில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள்தான். இருபது ஏக்கர்க்காரர் ஒரு தப்பு செய்தால் ஒரு மூலையில் விளைச்சல் குறையும், மற்ற வயல் ஈடுகட்டும். நம்மிடம் இருப்பதே ஒரு மூலை. அதில் தப்பு நடந்தால் வருஷமே போச்சு. ஆகவே சிறு நிலக்காரருக்குத்தான் தொழில் நுணுக்கம் அதிகமாகத் தேவை.

ஆயாவின் 35 சென்ட்

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னால் ஒரு குடும்பத்துக்கு வந்த நஷ்டத்தில் தெரிந்துகொண்டேன்.

வேலையில் சேர்ந்த புதிது. ஏரிப்பாசனம் உள்ள ஒரு வட மாவட்டத்து ஊர். நவரைப் பருவம். கூட்டத்தில் நின்றுகொண்டு, குறுகிய கால நெல்லுக்கு எக்டருக்கு இவ்வளவு தழைச்சத்து, இவ்வளவு மணிச்சத்து என்று காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா எழுந்தார்.

"தம்பி, நீங்க சொல்ற எக்டர் எல்லாம் எனக்குப் புரியாது. எனக்கு இருக்கிறது 35 சென்ட். இப்ப மேலுரம் போடணும். எவ்வளவு யூரியா போடட்டும்?"

நான் பட்டதாரி. கூட்டத்துக்கு நடுவே கணக்குப் போட்டுச் சொல்ல வெட்கம். "அரை மூட்டை போடுங்க ஆயா" என்று சொல்லிவிட்டேன்.

அப்போது மூட்டை 50 கிலோ. அரை மூட்டை என்றால் 25 கிலோ. அந்த 35 சென்ட்டுக்கு அந்தத் தவணையில் போட வேண்டியது ஒன்பது கிலோவுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ஏறக்குறைய மூன்று பங்கு போடச் சொல்லியிருக்கிறேன்!

பயிர் கரும்பச்சையாகக் கொழுகொழு என்று வந்தது. பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழு வந்தது. கதிர் முற்றும் நேரத்தில் ஒரு மழை அடித்தது. பக்கத்து வயல்கள் நின்றன, ஆயாவின் வயல் மட்டும் பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. தண்ணீரில் கிடந்த கதிரில் பாதி முளைத்துப் போயிற்று. தழைச்சத்து அதிகமானால் தண்டு மெலிந்து நீளும், பயிர் சாயும், பூச்சியும் நோயும் தேடி வரும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

போய்ப் பார்த்தேன். ஆயா என்னைத் திட்டவில்லை. "பச்சை ரொம்பக் கருத்துப் போச்சுன்னு எனக்கு அப்பவே தோணிச்சு தம்பி. யூரியா ஜாஸ்தியோன்னு நினைச்சேன். படிச்ச பிள்ளை சொல்லுதேன்னு சும்மா இருந்துட்டேன்" என்றார்.

பெருமக்களே, அந்த அம்மாவின் கண்ணுக்குப் பயிரின் நிறம் தெரிந்தது. என்னிடம் அளவு இருந்தது. இரண்டும் ஒருவரிடம் இருந்திருந்தால் அந்த வயல் பிழைத்திருக்கும். அதனால்தான் இன்று உங்களிடம் அளவிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் பாடம்: சென்ட் கணக்கும் கைப்பிடியும்

சிபாரிசுகள் எல்லாம் எக்டரிலும் ஏக்கரிலும் வரும். அதை உங்கள் சென்ட்டுக்குக் கொண்டுவரத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு எக்டர் என்பது 2.47 ஏக்கர். ஒரு ஏக்கர் 100 சென்ட். ஏக்கருக்குச் சொன்ன கிலோவை நூறால் வகுத்தால் ஒரு சென்ட்டின் அளவு வந்துவிடும். ஒரு சென்ட் எவ்வளவு பெரிது? ஒரு பக்கம் 5 மீட்டர், மறு பக்கம் 8 மீட்டர் கயிறு பிடியுங்கள். ஏறத்தாழ அதுதான் ஒரு சென்ட்.

உதாரணம் சொல்கிறேன். மண் பரிசோதனை செய்யாத இடத்தில் குறுகிய கால நெல்லுக்குப் பொதுச் சிபாரிசு எக்டருக்கு 120 கிலோ தழைச்சத்து. காவிரி டெல்டாவுக்கு 150 கிலோ. இந்த 120 கிலோவை ஏக்கருக்கு மாற்றினால் 48½ கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து. ஆகவே ஏக்கருக்கு ஏறக்குறைய 106 கிலோ யூரியா. ஒரு சென்ட்டுக்கு 1 கிலோ 60 கிராம். இதை நான்கு தவணையாகப் பிரித்தால் ஒரு தவணைக்குச் சென்ட்டுக்கு 265 கிராம். அடியுரமாக டி.ஏ.பி. போட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது.

மூட்டைக் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். 2018 முதல் யூரியா மூட்டை 45 கிலோவாக வருகிறது. பழைய ஞாபகத்தில் 50 என்று வைத்துக் கணக்குப் போட்டால் பிசகும்.

சரி, 265 கிராமை வயலில் எப்படி அளப்பது? தராசைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்க முடியாது. அதற்கு உங்கள் கையையே தராசாக்குங்கள். மளிகைக் கடைத் தராசில் பத்துப் பிடி யூரியாவை அள்ளிப் போட்டு எடை பாருங்கள். பத்தால் வகுத்தால் உங்கள் ஒரு பிடி எத்தனை கிராம் என்று தெரியும். உங்கள் பிடியும் உங்கள் வீட்டுக்காரம்மா பிடியும் ஒன்றாக இராது. யார் வீசுகிறார்களோ அவர் கையை எடை போடுங்கள். ஒரு பிடி 65 கிராம் என்றால் ஒரு சென்ட்டுக்கு நான்கு பிடி. இதை ஒரு தடவை பழகிவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

நிறம் பார்க்கவும் ஒரு கருவி உண்டு. இலை வண்ண அட்டை என்று பெயர். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெயில் நேரே படாமல் உங்கள் நிழலில், பத்துப் பயிரில் முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண், மற்ற ரகங்களுக்கு 4ஆம் எண். பத்தில் ஆறு இலை அதைவிட வெளுத்திருந்தால் யூரியா கொடுங்கள். இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நில்லுங்கள். போடாமல் இருப்பதும் ஒரு தொழில்தான்.

இரண்டாம் பாடம்: விதையை நீங்களே சோதியுங்கள்

விதை முளைக்கவில்லை என்பது நாற்றங்காலில் பத்து நாள் கழித்துத் தெரிந்தால் பருவம் தவறிவிடும். வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு நூறு விதை எடுங்கள். நல்லதாகப் பொறுக்கி எடுக்கக் கூடாது. ஈரச் சாக்கிலோ ஈரத் துணியிலோ வரிசையாக அடுக்கிச் சுருட்டி, நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரத்தில் பிரித்து, நல்ல வேரும் முளையும் விட்டதை மட்டும் எண்ணுங்கள். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு நெல்லுக்கு 80, உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் 75, நிலக்கடலைக்கு 70. உங்கள் நூறில் ஐம்பதுதான் முளைத்தது என்றால் அந்த விதையை விட்டுவிடுங்கள். ஒன்று கவனியுங்கள். அப்போதுதான் அறுத்த நெல்லுக்கு விதை உறக்கம் இருக்கும். அதைச் சோதித்து, முளைக்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.

அடுத்தது உப்புத் தண்ணீர் முறை. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு நல்ல கோழிமுட்டையைப் போடுங்கள். அடியில் போய் உட்காரும். கல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். சுமார் ஒன்றரைக் கிலோ கரைந்ததும் முட்டை மிதந்து, பழைய நாலணாக் காசு அளவுக்கு மேலே தெரியும். அதுதான் பதம். இப்போது நெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் பதரும் அரைவயிற்று நெல்லும் மிதக்கும். அதை அரித்து எடுத்துவிடுங்கள். அடியில் தங்கிய விதையை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பே கெடும். செலவு உப்பும் ஒரு முட்டையும்தான். முட்டையையும் கழுவிச் சமைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் பாடம்: தெளிப்பானைப் பழகுங்கள்

நம் ஊர்களில் மருந்தை அளப்பது பாட்டில் மூடியில். ஒரு மூடி, இரண்டு மூடி என்று கணக்கு. ஒரு பாட்டில் மூடி போல் இன்னொன்று இருப்பதில்லை. மில்லி கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெறும் தண்ணீரை வைத்துப் பழகுங்கள். தெளிப்பானில் பத்து லிட்டர் ஊற்றி, நீங்கள் வழக்கமாக நடக்கும் நடையில் ஐந்து சென்ட் தெளியுங்கள். எத்தனை லிட்டர் செலவானது என்று பார்த்து இருபதால் பெருக்குங்கள். ஐந்து சென்ட்டுக்குப் பத்து லிட்டர் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர். மருந்து டப்பாவில் ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டிருப்பதை இந்தக் கணக்கில்தான் ஒவ்வொரு டேங்குக்கும் பிரிக்க வேண்டும்.

டப்பாவில் சாய்சதுரத்துக்குள் முக்கோண வர்ணம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றாலும் விஷம் விஷம்தான். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். நாசில் அடைத்தால் வாயால் ஊதவே கூடாது, மெல்லிய குச்சியோ பிரஷ்ஷோ போதும். தெளிக்கும்போது பீடியும் வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம். காலி டப்பாவைக் கழுவி அதில் உப்பு போட்டு வைத்திருக்கும் வீடுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தாய்மார்களே, அந்த டப்பா வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. நசுக்கி ஓட்டை போட்டுவிடுங்கள்.

நான்காம் பாடம்: கொட்டிலும் குதிரும்

சிறு குடும்பத்தில் பால் காசுதான் அன்றாடச் செலவுக்குக் கை கொடுக்கிறது. மடிநோய் வந்தால் அந்தக் காசு நின்றுவிடும். கறக்கும்போது ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சை ஒரு கறுப்புத் துணியில் கறந்து பாருங்கள். திப்பி திப்பியாகத் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கறந்து முடித்ததும் மாட்டுக்குத் தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள். கறந்தவுடன் காம்புத் துவாரம் திறந்திருக்கும். உடனே படுத்தால் சாணிக் கிருமி உள்ளே ஏறும்.

தானியத்தைப் பல்லில் கடித்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டை வைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆகவே விதைக்கு வேண்டியதை மட்டும் முழுப்பயறாக நன்றாகக் காயவைத்து வையுங்கள். சாப்பாட்டுக்கு வேண்டியதைப் பருப்பாக உடைத்து வையுங்கள். உடைத்த பருப்பில் வண்டு அவ்வளவாக ஏறாது. துவரைக்குச் செம்மண் கட்டி வைக்கும் பழக்கம் நம் பாட்டிமார்களுடையது. தெரிந்தவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு சென்ட்டில் பள்ளிக்கூடம்

இத்தனையும் ஒரே பருவத்தில் கற்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, வேண்டியதும் இல்லை. ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். அதையும் முழு வயலிலும் செய்யாதீர்கள். ஒரு சென்ட் ஒதுக்குங்கள். அதுதான் உங்கள் பள்ளிக்கூடம்.

உளுந்தை எடுத்துக்கொள்வோம். பூக்கும் சமயத்தில் ஒரு தரமும், பதினைந்து நாள் கழித்து ஒரு தரமும் டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய் திரட்சியாகும் என்று நாங்கள் சொல்கிறோம். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி., 200 லிட்டர் தண்ணீர். நீங்கள் நம்ப வேண்டாம். ஒரு சென்ட்டுக்குச் செய்து பாருங்கள். 40 கிராம் டி.ஏ.பி.யை முந்தின நாளே கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி, இரண்டு லிட்டராக்கி மாலை வேளையில் தெளியுங்கள். பக்கத்திலேயே இன்னொரு சென்ட்டைத் தெளிக்காமல் விடுங்கள். நான்கு மூலையிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக அடித்து எடை போடுங்கள். ஒரு சென்ட்டின் கிலோவை நூறால் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல். மருந்துச் செலவு, கூலி கழித்து மிச்சம் இருந்தால் அடுத்த பருவம் முழு வயலுக்கும் செய்யுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், போனது 40 கிராம் டி.ஏ.பி.தான்!

பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். விதைத்த நாள், போட்ட உரம், பெய்த மழை, விற்ற விலை. உங்களுக்கு எழுத வராவிட்டால் படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மூன்று வருஷம் எழுதினால் உங்கள் நிலத்துக்கென்று ஒரு புத்தகம் உங்கள் கையில் இருக்கும்.

யாரிடம் கற்பது?

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. செய்து கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் இந்த நிலையங்கள் இருக்கின்றன. காளான், தேனீ, மண்புழு உரம், நாற்றங்கால், ஆடு வளர்ப்பு என்று பயிற்சி நடக்கிறது. தென்னை ஏறக் கருவிப் பயிற்சியைத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் நடத்தி வருகிறது. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் அடுத்த பயிற்சி எங்கே, எப்போது என்று சொல்வார்கள். போகும்போது வீட்டுக்காரம்மாவையும் அழைத்துப் போங்கள். களை எடுப்பதும் விதை காப்பதும் மாடு கறப்பதும் அவர். பயிற்சிக்கு மட்டும் நீங்கள் போவது என்ன நியாயம்?

பயிற்சியில் ஒரு வேலையைக் காட்டினால், "சார், கொடுங்க, நான் ஒரு தரம் செய்கிறேன்" என்று கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அதிகாரி ஏக்கர் கணக்குச் சொன்னால், "என் சென்ட்டுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் விடாதீர்கள், உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்தால், "படித்தவர் சொல்கிறார்" என்று சும்மா இருக்காதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள்.

அந்த ஆயாவின் வயலுக்கு அடுத்த நவரையில் ஒரு சின்னத் தராசோடு போனேன். அவர் பிடியை எடை போட்டோம், சென்ட்டுக்கு எத்தனை பிடி என்று கணக்குப் பார்த்தோம். அவர் வீசினார். வெளுத்த இடத்தில் ஒரு பிடி கூட, கறுத்த இடத்தில் ஒரு பிடி குறைய என்று அவராகவே பார்த்து வீசினார். நான் வரப்பில் நின்று கற்றுக்கொண்டேன். அந்தத் தடவை பயிர் சாயவில்லை.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கடைக்குப் போய் உங்கள் கைப்பிடியை எடை போட்டுப் பாருங்கள். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் பள்ளிக்கூடம் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.